மூன்று மில்லிமீற்றர்த் தண்டு

அஸர் தொழுகை முடிந்து, தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டுக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். தொடர்மாடியில் எங்களுக்கு மேல்வீட்டுப் பையன், பதினோராம் தரம் படிக்கிறவன், சப்பாத்துப் பெட்டியொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். பெட்டிக்குள் ஒரு சின்ன ரோபோ. வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அதன் மேலேயே ஓட வேண்டியது. அடுத்த கிழமை போட்டி. இவனுடையதோ நாலடி ஒழுங்காகப் போய்விட்டு இடப்பக்கம் இழுத்து வட்டமடிக்கிறது.

"மூணு ராவா புரோகிராமில நம்பர மாத்தி மாத்திப் பாக்குறன் மாமா. சரிவருதில்ல."

ரோபோவை எடுத்து மேசையில் வைத்தேன். இடச்சக்கரத்தின் மேல் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு, "இப்ப ஓட விடுங்க மகன்" என்றேன். மோட்டார் சுற்றியது. சக்கரம் என் விரலடியில் சும்மா நின்றது. சக்கரத்தின் நடுத் துளைக்குள் தண்டு மட்டும் தனியாகச் சுழன்றுகொண்டிருந்தது. அவன் குனிந்து பார்த்தான். முகத்தில் மூன்று இரவுகளின் களைப்பு.

அவனுக்கும் ஒரு பிளேன்டீ சொன்னேன். இந்தச் சங்கதி அவனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ரோபோ செய்யத் தொடங்குகிற பிள்ளைகள் பற்றரிக்கும் சென்சருக்கும் நிரலுக்கும் காட்டுகிற அக்கறையைச் சக்கரம் தண்டோடு சேரும் அந்த ஓர் இடத்துக்குக் காட்டுவதில்லை. அங்கே கொஞ்சம் சுப்பர் குளூ விட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ரோபோ ஓடுவதற்குத் தேவையான விசை முழுவதும் அந்த இடத்தைத்தான் கடந்து போக வேண்டும். அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அவனுடைய ரோபோ பற்றரியோடு 800 கிராம். சக்கரத்தின் விட்டம் 65 மில்லிமீற்றர். மஞ்சள் நிற பிளாஸ்டிக் கியர் மோட்டாரோடு வருகிற எல்லோருக்கும் தெரிந்த சக்கரம். வேகம் வேண்டும் என்று அந்த மஞ்சள் மோட்டாரைக் கழற்றிவிட்டு, விரலளவு உலோகக் கியர் மோட்டார் இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறான். கடைக்காரர் என்20 என்று சொல்லித் தருவது. அதன் தண்டு 3 மில்லிமீற்றர். எடை பெரும்பாலும் இரண்டு சக்கரத்திலும் தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரப்பருக்கும் காய்ந்த தரைக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தை 0.8 என்று எடுத்தால், டயர் தரையில் வழுக்குவதற்கு முன் ஒரு சக்கரம் தரையைத் தள்ளக்கூடியது ஆகக் கூடினால் 320 கிராம் எடையளவு விசை. இது சின்ன விசைதான். ஒரு பெரிய மாம்பழத்தின் பாரம்.

அந்த விசை செயற்படும் இடம் சக்கரத்தின் விளிம்பு, மையத்திலிருந்து 32.5 மில்லிமீற்றர் தள்ளி. அதே திருப்பத்தைத் தண்டின் மேற்பரப்பில் தாங்க வேண்டிய தூரமோ மையத்திலிருந்து வெறும் 1.5 மில்லிமீற்றர். பாடசாலையில் படித்த விசையின் திருப்பம் இங்கே வேலை செய்கிறது. தூரம் எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு விசை ஏறும். 32.5ஐ 1.5ஆல் பிரித்தால் ஏறத்தாழ 22. விளிம்பில் இருந்த 320 கிராம், தண்டில் ஏழு கிலோவாகிவிடுகிறது. மோட்டார் அவ்வளவு தரக்கூடியதென்றால், ஓர் அரிசி மணியளவு இடம் ஏழு கிலோவைத் தாங்கியாக வேண்டும். ஒவ்வொரு முறை ரோபோ புறப்படும்போதும், நிற்கும்போதும், திரும்பும்போதும் இது நடக்கிறது. முன்னும் பின்னுமாக மாறி மாறி இழுபடுவதால் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது.

"அப்ப சின்னச் சக்கரம் போட்டா?" என்று கேட்டான். கேட்டதே எனக்குச் சந்தோஷம். சரிதான், 32 மில்லிமீற்றர் சக்கரம் போட்டால் தண்டில் வரும் விசை பாதியாகும், வேகமும் பாதியாகும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்பது செய்பவர் முடிவு. ஆனால் பெரிய சக்கரமும் மெல்லிய தண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் இணைப்பில்தான் கவனம் முழுவதும் இருக்க வேண்டும்.

மாட்டு வண்டில் சக்கரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதை மாடு இழுக்கிறது; அச்சு சுற்றுவதில்லை, சக்கரம் அச்சின் மேல் தன்பாட்டில் உருள்கிறது. சக்கரம் வெளியே கழன்று விழாமல் ஒரு கடையாணி செருகினால் போதும். சின்ன வயதில் தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி, ஈர்க்குத்தடியில் குத்தி வண்டி செய்திருப்போமே, அதுவும் அப்படித்தான். தள்ளுகிறவன் கையில் விசை இருக்கிறது. சக்கரம் எவ்வளவு தளர்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

மோட்டார் சுற்றுகிற சக்கரம் வேறு. அங்கே இணைப்புக்கு மூன்று வேலை. சக்கரம் தண்டைவிட்டு வெளியே கழன்று வரக்கூடாது. தண்டின் மேல் வழுக்கிச் சுழலக்கூடாது. தண்டுக்குச் செங்குத்தாக, ஆட்டமில்லாமல் நிற்கவும் வேண்டும். இந்த மூன்றையும் வெவ்வேறாகப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்துவிடும். நம் பிள்ளைகள் மூன்று வேலையையும் ஒரு துளிப் பசையிடம் ஒப்படைக்கிறார்கள். அது தாங்காது.

தேத்தண்ணிக் கடையிலிருந்து பார்த்தால் ரயில் பெட்டித் தரிப்பிடப் பக்கம் தெரியும். மாளிகாவத்தையில் வளர்ந்தவர்களுக்குக் கோச்சிச் சத்தம் மூச்சுப் போல. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு 1864 டிசெம்பர் 27ஆம் திகதி முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து இந்த ஊர்ப்பக்கம் இரும்புச் சக்கரம் உருள்கிறது. 1676 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளம். அந்தச் சக்கரம் அச்சோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது தெரியுமா என்று அவனைக் கேட்டேன். போல்ட் போட்டிருப்பார்கள் என்றான். வெல்ட் பண்ணியிருப்பார்கள் என்று பிறகு மாற்றினான்.

இரண்டும் இல்லை. அச்சின் அந்தப் பகுதியைச் சக்கரத் துளையைவிடக் கொஞ்சமே கொஞ்சம் தடிப்பாகக் கடைந்திருப்பார்கள். விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. பிறகு பெரிய ஹைட்ரோலிக் அழுத்தியில் வைத்து, பல பத்துத் தொன் விசையால் சக்கரத்தை அச்சின் மேல் ஏற்றுவார்கள். துளையைச் சுற்றியுள்ள உருக்கு வில்லைப் போல் விரிந்து, திரும்பச் சுருங்கப் பார்த்து, அச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணியில்லை, ஆப்பில்லை, பசையில்லை. வெறும் இறுக்கமும் உராய்வும். அந்தப் பிடியில்தான் நிறைந்த பெட்டி மலையேறி பதுளை வரைக்கும் போய் வருகிறது. வழுக்காமலிருப்பதையும், கழலாமலிருப்பதையும், நேராக நிற்பதையும் ஒரே பொருத்து பார்த்துக்கொள்கிறது. துளை நீளமாகவும் மட்டமாகவும் இருப்பதால் இது சாத்தியம்.

சின்ன ரோபோவிலும் இதே முறை வேலை செய்யும். விளையாட்டுக் காருக்குள் இருக்கிற சின்ன மோட்டாரின் தண்டு 2 மில்லிமீற்றர், உருண்டை. அதில் ஏறியிருக்கிற பிளாஸ்டிக் பல்லுச் சக்கரத்தை இழுத்துப் பாருங்கள், இலகுவில் வராது. துளை தண்டைவிட ஒரு மயிரிழை சிறிது, அவ்வளவுதான். வீட்டில் செய்வதென்றால், சமையலறையில் மரக்கறி வெட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பலகையின் பழைய துண்டு நல்ல பொருள். 3 மில்லிமீற்றர்த் தண்டுக்கு 2.8 அல்லது 2.9 துளையிடும் ஊசியால் துளைக்க வேண்டும். கையில் பிடித்துத் துளைத்தால் சரிந்துவிடும். நிலையில் பூட்டிய துளைப்பான் உள்ள கராஜுக்கோ லேத் கடைக்கோ கொண்டுபோனால் ஒரு நிமிட வேலை.

ஏற்றும்போது சுடுதண்ணி உதவும். சக்கரத்தை இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, ஆறுவதற்குள் தண்டில் அழுத்த வேண்டும். விரிவு என்று பார்த்தால் தலைமுடியின் தடிப்பளவுகூட இராது. ஆனால் பிளாஸ்டிக் இளகி இடம்விடும். ஆறியதும் இறுகிப் பிடிக்கும். வண்டில் சக்கரத்துக்கு இரும்பு வளையத்தை நெருப்பில் போட்டுச் சிவக்கச் சூடாக்கி, மரச்சக்கரத்தின் மேல் இறக்கி, தண்ணி ஊற்றிச் சுருக்குவார்களே, அந்தக் கைவேலையின் சின்ன வடிவம் இது. பழைய ரயில் சக்கரங்களில் வெளி உருக்கு வளையத்தையும் சூடாக்கித்தான் ஏற்றினார்கள்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. சக்கரத்தைத் தண்டில் அழுத்தும்போது மோட்டாரை எங்கே தாங்குகிறீர்கள்? கியர்ப் பெட்டியையோ மோட்டாரின் உடலையோ கையில் பிடித்துக்கொண்டு அழுத்தினால், அந்த விசை முழுவதும் தண்டு வழியாக உள்ளே போய்ப் பல்லுகளை இடம்பெயர்க்கும். மெல்லிய பித்தளைத் தகடு வளையும். மோட்டாரின் பின்பக்கம் தண்டின் மறுநுனி தெரிந்தால் அதை மேசையில் ஊன்றி அழுத்த வேண்டும். அப்போது விசை தண்டின் நீளத்திலேயே முடிந்துவிடும். கியர் மோட்டாரில் முன்தண்டுக்கும் பின்தண்டுக்கும் நேர்த்தொடர்பு இல்லாததால் இந்த உபாயம் அதற்குப் பொருந்தாது. அதனால் கியர் மோட்டாருக்கு இறுக்கமான பொருத்தைக் குறைத்து, வேறு வழி பார்ப்பது நல்லது. நான் இப்படி ஒரு புது மோட்டாரைக் கெடுத்திருக்கிறேன். அந்தக் கிறீச் என்ற சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

வேறு வழி என்றால், வடிவம். என்20 தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முழு உருண்டையல்ல, ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். குறுக்காக வெட்டினால் ஆங்கில டி எழுத்துப் போல. உருண்டைப் பக்கம் 3 மில்லிமீற்றர், தட்டைப் பக்கம் அளந்தால் 2.5. அந்த அரை மில்லிமீற்றர்ச் சீவலுக்குள்தான் வழுக்காமலிருக்கும் இரகசியம் இருக்கிறது. துளையும் அதே வடிவில் இருந்தால், தண்டு தனியாகச் சுழல வேண்டுமானால் பிளாஸ்டிக்கை உடைத்தாக வேண்டும். மஞ்சள் மோட்டாரின் தண்டில் இரண்டு பக்கமும் தட்டை, ஏறத்தாழ 5.4 மில்லிமீற்றர் உருளை, தட்டைக்குத் தட்டை 3.7. லெகோவின் அச்சுத் தண்டு சிலுவை வடிவம்; அதனால் எந்தப் பிள்ளையும் ஒரு திருகாணியும் இல்லாமல் சக்கரம் பூட்டுகிறது. சேர்வோ மோட்டாரின் தலையில் சுற்றிவரச் சின்னச் சின்னப் பற்கள். அந்தப் பற்களின் எண்ணிக்கை கம்பனிக்குக் கம்பனி மாறும். ஃபுட்டாபாவில் 25, ஹைடெக்கில் 24. ஒன்றின் கையை மற்றதில் அழுத்தினால் பல்லெல்லாம் மழுங்கிவிடும்.

இந்தப் பற்களைப் பார்க்க அவன் வெகுதூரம் போகத் தேவையில்லை. பஞ்சிகாவத்தையில் கடைக்குக் கடை தொங்குகிற எக்ஸல் தண்டுகளின் நுனியைப் பார்க்கச் சொன்னேன். நுனியைச் சுற்றி நீளவாட்டில் வரிவரியாகப் பற்கள், ஸ்ப்ளைன் என்பார்கள். பார ஊர்தியின் எஞ்சின் திருப்பம் முழுவதையும் அந்த வரிகள் பங்குபோட்டுச் சுமக்கின்றன. என் வாப்பா அங்கே ஒரு லேத் கடையில் முப்பது வருடம் வேலை செய்தவர். பழுதான தண்டு ஒன்று வந்தால் அவர் முதலில் கைவிரல் நகத்தால் அந்தப் பற்களின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், "இது முன்னுக்கு ஓடியே தேஞ்சது" என்பார். இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால், எங்கோ தளர்வு இருந்து முன்னும் பின்னும் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். பையனுடைய சக்கரத் துளையையும் அப்படித்தான் பார்த்தேன். துளை, மஞ்சள் மோட்டாருக்கு உரிய பெரிய துளை. உள்ளே பேனா ரீஃபில் துண்டொன்றைச் செருகி, இடைவெளியெல்லாம் சுப்பர் குளூ விட்டு நிரப்பியிருந்தான். பசை கண்ணாடி போல் வெடித்து, தூள் தூளாக உதிர்ந்திருந்தது.

பசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுப்பர் குளூ மெல்லிய இடைவெளிக்கு உரியது. இடைவெளி நிரப்ப உதவாது, அடிபட்டால் நொறுங்கும். அதைவிட மோசம், தண்டு வழியே ஊர்ந்து போய், மோட்டாரில் தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷுக்குள் இறங்கித் தண்டையே ஒட்டிவிடும். அரல்டைட் இடைவெளியை நிரப்பும். தண்டை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, தண்டு நிலத்தைப் பார்க்கும்படி மோட்டாரைத் தொங்கவைத்து ஒட்டி, ஒரு முழுநாள் விட வேண்டும். சோடாப் போத்தல் மூடிகளில் சக்கரம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் உருப்படியாகப் பிடிப்பதில்லை. அங்கே திருகாணிதான். இவ்வளவுக்குப் பிறகும் பசையை நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். மோட்டார் ஒருநாள் கெட்டுப்போகும், அப்போது சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும்.

இனித் திருகாணி. லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹோன்பி 1901இல் காப்புரிமை வாங்கிய விளையாட்டுச் சாமான், பிறகு மெக்கானோ என்று உலகமெங்கும் போனது. அதன் சக்கரங்களின் நடுவில் பித்தளைக் குமிழ் ஒன்று இருக்கும். குமிழின் பக்கவாட்டில் சின்னத் திருகாணி. அதை இறுக்கினால் உருண்டைத் தண்டின் மேல் சக்கரம் எந்த இடத்திலும் நிற்கும். இன்று கடையில் ரோபோவுக்கென்று விற்கும் உலோக ஹப்பும் அதே யோசனைதான். தலையில்லாத அந்தத் திருகாணியைக் கிரப் ஸ்க்ரூ என்று கேட்டு வாங்க வேண்டும்.

அதை இறுக்குவதில் ஒரு முறை இருக்கிறது. தண்டின் தட்டைப் பக்கத்துக்கு நேராகத் திருகாணியைக் கொண்டுவந்து இறுக்க வேண்டும். உருண்டைப் பக்கத்தில் இறுக்கினால் அது வழுக்கும்; வழுக்கும்போது தண்டில் பிசிறு கிளப்பும்; பிறகு ஹப்பை வெளியே இழுக்கவும் முடியாது. முழு உருண்டைத் தண்டென்றால் அரத்தால் ஒரு சின்னத் தட்டை செய்துகொள்ளலாம். அப்படி அராவும்போது தண்டின் நுனியைத்தான் இடுக்கியில் பிடிக்க வேண்டும், மோட்டாரைப் பிடிக்கக்கூடாது. மோட்டாரைச் சுற்றி டேப் ஒட்டி, தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. இரும்புத் தூளைத் தேடி இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். அலன் கீயும் சரியான அளவில் வேண்டும்: எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மில்லிமீற்றர், எம்4க்கு 2. மலிவான கீ ஒன்று மூலை மழுங்கிப்போனால் திருகாணியின் குழியையும் மழுக்கிவிடும்.

இறுக்கிய திருகாணி அதிர்வில் தளரும். உலோகத்தில் உலோகம் என்றால் நீல நிற லொக்டைட் ஒரு சின்னத் துளி போதும், பிறகு கழற்றலாம். சிவப்பு வேண்டாம், அது நிரந்தரம். ரோபோவின் உடல் அக்ரிலிக் தகடென்றால் அந்தத் திரவம் அதன்மேல் படவே கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பு விழுந்து, ஒருநாள் தகடு இரண்டாகப் பிளந்து நிற்கும்.

ஹப் வாங்கக் காசில்லாத பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மின்சாரக் கடையில் வயர் இணைக்கும் கனெக்டர் பட்டி விற்கிறார்களே, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வரிசையாகத் துளைகள். பிளாஸ்டிக்கைச் சீவி எடுத்தால் உள்ளே சின்னப் பித்தளைக் குழாய். அதன் மேல் இரண்டு திருகாணி. ஒரு பக்கத்தால் மோட்டார்த் தண்டு நுழையும். முதல் திருகாணி அதன் தட்டையில் இறுகும். மறுபக்கத்தால் ஓர் எம்3 போல்ட்டின் வால் நுழையும். இரண்டாவது திருகாணி அதைப் பிடிக்கும். போல்ட் சக்கரத்தின் நடுவால் போய், இரு பக்கமும் வோஷரும் நட்டுமாகச் சக்கரத்தை இறுக்கிக்கொள்ளும். இரண்டு திருகாணியும் ஒரே பக்கத்திலிருந்து தள்ளுவதால் தண்டும் போல்ட்டும் குழாயின் ஒரே சுவரில் போய்ச் சாயும். இரண்டும் கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் என்பதால் ஒரே நேர்கோட்டில் நிற்கும். கனெக்டரின் துளை அம்பியர் அளவுக்கேற்ப மாறும். மோட்டாரைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே நுழைத்துப் பார்த்து வாங்க வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நின்று இப்படி நுழைத்துப் பார்க்கிறவனைக் கடைக்காரர்கள் வினோதமாகப் பார்க்க மாட்டார்கள், நிறையப் பேரைக் கண்டிருப்பார்கள்.

ரப்பர்ச் செருப்பில் வெட்டிய சக்கரத்துக்கும் இது பொருந்தும். ஆனால் ரப்பர் மெத்தென்றிருப்பதால் சின்ன வோஷர் அதைக் கிழித்துக்கொண்டு சுற்றும். ஐம்பது சதக் காசளவாவது அகலமான வோஷர் இரண்டு பக்கமும் வேண்டும். நட் தளராமலிருக்க, உள்ளே நைலோன் வளையம் வைத்த நட் வாங்கலாம். அல்லது இரண்டு நட்டை ஒன்றோடொன்று முட்ட இறுக்கலாம்.

மூன்றாவது வேலை ஆட்டம். இதைப் பிள்ளைகள் கடைசியில்தான் கவனிக்கிறார்கள், கோடு பார்க்கும் ரோபோவுக்கோ இது மிக முக்கியம். சக்கரம் தள்ளாடினால் சென்சர் தரையிலிருந்து ஏறி இறங்கும். கோடு ஒரு கணம் தெரியும், மறுகணம் தெரியாது. துளை தண்டைவிட 0.2 மில்லிமீற்றர் பெரிது, ஹப்பின் நீளம் 6 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் அந்தத் தளர்வுக்குள் சரிந்தால், 32.5 மில்லிமீற்றர் தள்ளியிருக்கும் விளிம்பு ஒரு பக்கம் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வெளியே போகும்; எதிர்ப்பக்கம் அதேயளவு உள்ளே வரும். ஹப்பின் நீளத்தை 12 ஆக்கினால் ஆட்டம் பாதி. தளர்வைக் குறைப்பது கடினமாக இருந்தால் நீளத்தைக் கூட்டுவது இலகு. ரயில் சக்கரத்தின் நடுக்குடம் விளிம்பைவிடத் தடிப்பாக இருப்பதில் இந்த நியாயமும் உண்டு.

சக்கரத்தை மோட்டாருக்கு எவ்வளவு கிட்ட வைப்பது? தொடக்கூடாது, தொட்டால் உராய்ந்து மோட்டார் சூடேறும். ஒரு வங்கி அட்டையின் தடிப்பளவு, முக்கால் மில்லிமீற்றர், இடைவெளி விட்டால் போதும். ஏற்றும்போது அந்த அட்டையையே நடுவில் வைத்து ஏற்றிவிட்டு உருவிக்கொள்ளலாம். அதைவிடத் தள்ளி வைக்க வைக்க, ரோபோவின் எடை தண்டை நெம்புகோல் போல் வளைக்கும்; கியர்ப் பெட்டியின் முன்புஷ் முட்டை வடிவில் தேயும். எடை ஓரிரண்டு கிலோவைத் தாண்டுமென்றால் மோட்டார்த் தண்டின் மேல் ரோபோவை நிற்கவைக்கவே வேண்டாம். தனி அச்சு, அதற்கு இரண்டு பேரிங், மோட்டார் சுற்றுவதற்கு மட்டும். ஸ்கேட் பலகையில் வரும் 608 என்ற பேரிங் எல்லா இடமும் கிடைக்கும். துளை 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22. கோச்சியிலும் பெட்டியின் பாரம் அச்சின் நுனிகளிலுள்ள பேரிங் பெட்டிகளில்தான் நிற்கிறது.

பேசிக்கொண்டே பிளேன்டீ இரண்டாவது சுற்றும் வந்தது. அவன் கேட்டான், "வழுக்குதா இல்லையாண்டு எப்படிக் கண்டுபிடிக்கிற மாமா? ஓடும்போது தெரியாதே." அதற்கு ஒரு மார்க்கர் போதும். தண்டின் நுனியிலிருந்து ஹப் வழியாகச் சக்கரம் வரை ஒரே நேர்க்கோடு போட்டுவிட வேண்டும். ஓட விட்டு, நிறுத்திப் பார்க்க வேண்டும். கோடு தண்டுக்கும் ஹப்புக்கும் இடையில் முறிந்திருந்தால் அங்கே வழுக்குகிறது. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையில் முறிந்திருந்தால் நட்டை இறுக்க வேண்டும். சக்கரத்துக்கும் டயருக்கும் இடையில் என்றால் டயர் ரிம்மில் சுற்றுகிறது. எங்கே முறிந்ததோ அங்கேதான் பழுது. சுற்றை எண்ணும் என்கோடர் பூட்டியவர்களுக்கு இந்தக் கோடு இன்னும் முக்கியம். என்20இல் என்கோடர் மோட்டாரின் பின்தண்டில் இருக்கிறது. சக்கரம் நின்றுபோனாலும் அது சுற்றுகளை எண்ணிக்கொண்டே இருக்கும். நிரல் அந்த எண்ணை நம்பி, ரோபோ போகாத தூரத்தைப் போனதாகக் கணக்கு வைக்கும். மூன்று இரவு நம்பரை மாற்றியதில் இந்தப் பிள்ளைக்கு நடந்ததும் ஏறத்தாழ அதேதான். இடச்சக்கரம் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு அளவு வழுக்கியது. அதற்கு ஈடுகட்டும் நிலையான எண் எதுவும் இருக்கவே முடியாது.

என் வீட்டு லாச்சியில் பழைய கனெக்டர் பட்டியொன்று கிடந்தது. எடுத்து வந்து, கடை மேசையிலேயே பிளேடால் பிளாஸ்டிக்கைச் சீவினோம். பித்தளைக் குழாய் தண்டில் சரியாக ஏறியது. பழைய பசையைச் சுரண்டி, சக்கரத் துளையின் இரு பக்கமும் வோஷர் வைத்து, போல்ட் போட்டு இறுக்கினான். நான் கை வைக்கவில்லை. திருகாணி தட்டைக்கு நேராக வந்ததா என்று மட்டும் பார்த்தேன். மார்க்கரால் கோடு போட்டான். பிறகு சக்கரத்தை நான் விரலால் அழுத்திப் பிடித்தேன். இந்தமுறை மோட்டார் திணறி நின்றது, தண்டு அசையவில்லை. உடனே நிறுத்தச் சொன்னேன். தடுத்து வைத்த மோட்டாரில் ஓடும் மின்னோட்டம் கூடுதல், அதிக நேரம் விட்டால் சுருள் கருகும்.

மஃரிப் பாங்கு சொல்லும்வரை தொடர்மாடி வாசலில் ஓட விட்டான். கோட்டின் இடப்பக்கம் இழுப்பது நின்றிருந்தது. இப்போது கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கியது. தூக்கிப் பார்த்தபோது இடச்சக்கரத்துக் கோடு முறியாமல் நேராக இருந்தது. வலச்சக்கரத்தில் இன்னும் ரீஃபில் துண்டும் பசையும். பட்டியில் மிச்சம் பதினொரு கனெக்டர் இருந்தது. அதைச் சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தேன்.